அத்தை சுரண்டி எடுத்த லேபிள்

என்னைப் போலக் கவலைப்படுகிற ஒருத்திக்கு அந்த வேலை ஒத்துவராது என்றுதான் முதலில் நினைத்தேன். டில்லி ஓக்லாவில் ஒரு கம்பெனி. வண்டிகளில் ஒட்டுகிற லேபிள் செய்வோம். காரில் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் கறுப்பாக ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும், அதில் வெள்ளை எழுத்தில் அந்த வண்டியின் அடையாள எண் இருக்கும். வருஷக்கணக்காகக் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதுதான் எங்கள் சரக்கு.

மை கிடையாது, அச்சும் கிடையாது. படலம் இரண்டு அடுக்காக வரும், மேலே கறுப்பு, அடியில் வெள்ளை. லேசர் வெளிச்சம் மேலே இருக்கும் கறுப்பை மட்டும் எரித்துவிட்டுப் போகும். எரிந்த இடத்தில் அடியில் உள்ள வெள்ளை எழுத்தாகத் தெரியும். ஆரஞ்சுக் கண்ணாடி போட்ட ஒரு பெட்டிக்குள் இதெல்லாம் நடக்கும், நான் வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பிளாஸ்டிக் கருகிய வாசம் குழாய் வழியே வெளியே போகும், போகாத மிச்சம் என் துப்பட்டாவில் தங்கும். மெஷினுக்காக ஏ.சி. நிற்காமல் ஓடும். மே மாதத்து டில்லி வெயிலில் பஸ்ஸில் வெந்து வந்து இறங்கி, உள்ளே போனதும் ஷால் போர்த்திக்கொள்கிற ஆட்கள் நாங்கள்.

அந்தப் படலத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒட்டிவிட்டால் முழுசாக உரிக்க முடியாது. கிளப்பினால் பொடிப்பொடியாக நொறுங்கும். ஒரு நல்ல வண்டியின் லேபிளை உரித்துத் திருட்டு வண்டியில் ஒட்டிவிடக் கூடாது, அதற்காகத்தான். முந்தின நாள் ஒரு தகட்டில் ஒட்டி வைத்ததைக் காலையில் சூப்பர்வைசர் நகத்தால் கிளப்பிப் பார்ப்பார். நொறுங்கினால் "பாஸ்" என்பார். முழுசாக வந்தால்தான் குற்றம். வீட்டில் டம்ளர் கீழே விழுந்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இங்கே உடைந்தால் சந்தோஷப்பட வேண்டும். அது பழகுவதற்கு வெகு நாளாயிற்று.

நான் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால், ஜங்புராவில் அவள் வேலை பார்த்த கோட்டிகளுக்கு நான் போக வேண்டியதாயிற்று. கோட்டி என்று நாங்கள் சொல்வது பங்களா வீடுகளை. தமிழ் நன்றாகப் படிப்பேன். இங்கிலீஷில் எழுத்துகளும் எண்களும் மட்டும் தெரியும், லேபிளுக்கு அதற்கு மேல் தேவையில்லை. திரையில் இருக்கும் எண்ணை நான் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, பக்கத்தில் இருப்பவள் லேபிளைப் பார்த்து, சரி என்பதற்கு "டீக்" என்று சொல்லுவாள். அவள் சொன்ன பிறகும் நான் ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன். "இவளுக்குச் சந்தேக வியாதி" என்று சூப்பர்வைசர் இந்தியில் கேலி செய்வார். ஆனால் அவசர ஆர்டர் வந்தால் என் மெஷினுக்குத்தான் அனுப்புவார். மலைப்பக்கத்து மனிதர், அதிகம் பேச மாட்டார். சேர்ந்த அன்றைக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "லேபிள் டூட்டா, மத்லப் சோர் கா ஹாத் லகா." லேபிள் உடைந்திருந்தால் திருடன் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதை நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அப்போது வேறு ஆளுடைய வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு வேன் வாங்கி ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்க வேண்டும் என்பது அவருக்கு ரொம்ப நாள் ஆசை. அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு வாங்கிவிட்டார். மூன்று வருஷம் ஓடின வேன். அதற்காக என் தாலிச் சங்கிலி போய், நான் மஞ்சள் கயிற்றோடு நின்றேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வண்டி வந்து நின்றதும் எல்லாரும் சுற்றிச்சுற்றிப் பார்க்க, நான் டிரைவர் கதவைத் திறந்து லேபிளைப் பார்த்தேன். ஆர்.சி. புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன்.

"வண்டி எப்படி ஓடுதுன்னு கேக்காம ஸ்டிக்கரப் பாக்குற ஒரே பொம்பள நீதான்" என்றார்.

"எல்லாம் சரியா இருக்குது" என்றேன். அன்றைக்கு நிம்மதியாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. பூஜை முடிந்து, தசரா விடுமுறையும் கழிந்த பிறகு வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டி, அவர் பேருக்கு மாற்றி, ஸ்கூல் வேனாகப் பதிய வேண்டும் என்று ஏற்பாடு. எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு லீவு இல்லை. அங்கே போன மாதமே விஸ்வகர்மா பூஜை போட்டு லட்டு கொடுத்துவிட்டார்கள். ஆகவே வேனுக்குப் பூஜை போடும் பொறுப்பு முழுவதும் என் மாமியாரிடம் போயிற்று.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழுப்புரம் பக்கத்திலிருந்து டில்லிக்கு வந்த நாள் முதல் கோட்டி வேலைதான். அழுக்கு என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் அவர் கை சும்மா இருக்காது. நாங்கள் குடியிருந்த இடம் நாலா என்கிற கால்வாயை ஒட்டி, சாக்கடைத் தண்ணீர் பக்கத்திலேயே ஓடும். ஆனால் அத்தை தேய்த்த பாத்திரத்தில் முகம் பார்க்கலாம்.

சாயங்காலம் நான் வேலை விட்டு வந்தபோது வேன் புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. சாமந்தி மாலை, மாவிலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். டயர்கூடக் கறுகறுவென்று இருந்தது. நானும் தொட்டுக் கும்பிடலாம் என்று டிரைவர் கதவைத் திறந்தேன். தூணில் லேபிள் இருந்த இடத்தில், வரிசையாக மூன்று சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம்.

"அத்தை, இங்க கறுப்பா ஒரு சீட்டு இருந்துச்சே?"

"அதுவா? எவனோ கடைக்காரன் ஒட்டியிருப்பான் போல. ஓரமெல்லாம் அழுக்கேறிக் கெடந்துது. புளி போட்டுத் தேய்ச்சேன், போவல. நகத்தால கிளப்புனா சுட்ட அப்பளம் மாதிரி ஒடையுது. நான் விடுவனா? கரண்டிக் காம்பால சுரண்டியே எடுத்துட்டேன். பாரு, எப்படி பளிச்சுனு இருக்குது."

"அந்தத் தூளெல்லாம் எங்க?"

"நாலாவுல கொட்டிட்டேன். பூஜ நாளும் அதுவுமா குப்பைய வீட்டுல வச்சிருப்பாங்களா?"

வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "ஒரு ஸ்டிக்கருக்கா இப்படி?" நான் சொல்லச் சொல்லத்தான் அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. டில்லியில் தினம் எத்தனை வண்டி திருட்டுப் போகிறது, எண்ணை மாற்றி எப்படி விற்கிறார்கள் என்பது டிரைவருக்குத் தெரியாதா. லேபிள் இல்லாத வண்டியைச் சோதனையில் நிறுத்தி வைத்துவிட்டால் முடிந்தது கதை. போலீஸ் தாணாவுக்குப் பின்னால், மழையிலும் வெயிலிலும் துருப்பிடித்துக் கிடக்கிற வண்டிகளை நான் பஸ்ஸிலிருந்து தினம் பார்க்கிறேன். எங்கள் வேன் அந்த வரிசையில் நிற்பதாக எனக்குக் கண் முன்னாலேயே தெரிந்தது. சாமந்தி மாலையோடு.

மறுநாள் அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏய், தினம் அதைத்தான அடிக்கிற? இதுக்கும் ஒண்ணு அடிச்சிட்டு வாயேன். நம்பருதான் புத்தகத்துல இருக்குதே."

"ஐயோ, முடியாதுங்க. ஒவ்வொண்ணுக்கும் கணக்கு இருக்குது. கெட்டுப்போனதகூடப் பூட்டுன பொட்டியிலதான் போடணும்."

"யாரு பாக்கப்போறா?"

"நான் பாப்பேனே."

முடியாது என்றுதான் அவரிடம் சொன்னேன். முடியும் என்பது எனக்குத் தெரியும். சுருள் தீரும்போது கடைசியில் ஒரு துண்டு மிஞ்சும், அதில் மெஷினைச் சரிபார்க்க என்ன வேண்டுமானாலும் எழுதிப் பார்ப்போம். சாப்பாட்டு நேரத்தில் யாரும் அந்த அறைக்குள் இருப்பதில்லை. இது அவருக்குத் தெரியாமல் இருந்தது நல்லதாயிற்று.

சூப்பர்வைசரிடம் நேராகச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். தைரியம் வரவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டேன். நாங்கள் பேசிக்கொண்டது இந்தியில்.

"சார்ஜி, சும்மா கேக்குறேன். ஒரு வண்டியில லேபிள் தானா உடைஞ்சிட்டா என்ன செய்யணும்?"

"தானாவா? நம்ம லேபிள் தானா உடையாது. யாரோட வண்டி?"

"யாரோடதும் இல்ல. சும்மா."

"சும்மா யாரும் இதைக் கேக்க மாட்டாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "முதல்ல தாணாவுல எழுதிக் குடுக்கணும். அப்புறம் வண்டிக் கம்பெனி விசாரிக்கும். அவங்க சொன்னாத்தான் நாம அடிப்போம். ஆமா, உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு? எங்கேயாச்சும் கார் திருடினியா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரித்ததாகப் பாவனை செய்துகொண்டு மெஷினுக்குத் திரும்பினேன்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம். எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். சுருள் தீர்ந்து, கடைசித் துண்டு என் கையில் இருந்தது. ஒரு லேபிளுக்குத் தாராளமாகப் போதும். வேனின் எண் எனக்கு மனப்பாடம். பெட்டிக்குள் வைத்து, எண்ணைத் தட்டி, பொத்தானை அழுத்தினால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். துண்டைப் பூட்டுப் பெட்டியின் துவாரத்தில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். நேர்மை, நாணயம் என்றெல்லாம் அப்போது எதுவும் தோன்றவில்லை. பயம்தான். மாட்டிக்கொண்டால் வேனும் போகும், வேலையும் போகும், சூப்பர்வைசர் தலையும் உருளும் என்கிற பயம். வண்டியை இழக்கிற பயம் ஒரு பக்கம், இந்தப் பயம் ஒரு பக்கம். இந்தப் பயம் கொஞ்சம் கனமாக இருந்தது, அவ்வளவுதான்.

சோதனைக்குப் போகிற அன்று அத்தை தலைக்குக் குளித்துவிட்டு வந்து வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"நீ எதுக்கும்மா?" என்றார் வீட்டுக்காரர்.

"நான்தானடா எடுத்தேன்? நானே சொல்றேன். இவ வாயத் தொறந்தா உளறுவா, நீ வாயத் தொறந்தா சண்ட போடுவ."

ரிங் ரோடு தாண்டி வடக்கே ஒரு பெரிய பொட்டல் மைதானம். ஆட்டோ, டெம்போ, வேன் என்று வரிசை. வாசலிலேயே ஒரு ஆள் எங்கள் வண்டியோடு ஓடி வந்தான். எது குறைகிறது என்று பார்த்துச் சொல்லுவதுதான் அவன் பிழைப்பு. கதவைத் திறக்கச் சொன்னவன் தூணைப் பார்த்தான், உடனே புரிந்துகொண்டான்.

"பாபிஜி, ஸ்டிக்கர் வேணுமா? ரெண்டு நிமிஷ வேலை."

தகரப் பெட்டியைத் திறந்தான். உள்ளே கறுப்புச் சீட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. நான் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். வெள்ளை மையால் அடித்தது, எழுத்தின் ஓரமெல்லாம் கசிந்திருந்தது. அவ்வளவு கலக்கத்திலும், இது ஒரு வேலையா என்று ஒரு கோபம் வந்தது. வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனசு பாதி அந்தப் பெட்டிக்குள் இறங்கிவிட்டது.

"வேணாங்க. என்ன ஆனாலும் ஆவட்டும். ஒட்டாதீங்க."

"யோசிச்சுச் சொல்லு. உள்ள போய்ட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

அவன் விடாமல் அத்தையிடம் பெட்டியை நீட்டினான். "மாதாஜி, நீங்க சொல்லுங்க."

"சல் ஹட்!" என்றார் அத்தை. கோட்டி நாய்களை விரட்டுகிற குரல் அது. அவன் அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.

எங்கள் முறை வந்தது. சோதனை அதிகாரி காதில் பென்சில் சொருகியிருந்தார். விளக்கு, பிரேக், ஹாரன், சி.என்.ஜி. சிலிண்டர் எல்லாம் பார்த்தார். பிறகு டிரைவர் கதவைத் திறந்தார். மூன்று பொட்டும் காய்ந்து அப்படியே இருந்தன.

"இது என்ன?"

"பூஜா, சார்" என்றார் வீட்டுக்காரர்.

அதிகாரி நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார். அடியில் வெள்ளையாக நாலைந்து துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அத்தையின் கரண்டிக்குத் தப்பினவை. அவர் முகம் மாறியது.

"லேபிள் எங்கே?"

அத்தை எங்கள் இரண்டு பேரையும் விலக்கிவிட்டு முன்னால் போய் நின்றார்.

"மைனே நிகாலா, சாப். பஹுத் கந்தா தா." நான்தான் எடுத்தேன், ரொம்ப அழுக்காக இருந்தது.

"நீங்க எடுத்தீங்களா? எதை வச்சு?"

"சம்மச் சே."

கரண்டியைத் திருப்பிப் பிடித்துச் சுரண்டுவது எப்படி என்று கையை வீசிக் காட்டினார். செய்த வேலையைப் பற்றிய பெருமை அவர் முகத்தில் குறையவே இல்லை. அதிகாரி ஒரு கணம் பார்த்தார். பிறகு அடுத்த வரிசையில் இருந்த இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். "இங்க வாய்யா! இத்தனை வருஷத்துல இப்படி ஒரு திருடனைப் பாத்திருக்கியா? கரண்டி கேங்!" இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவர்கள் சிரித்ததும் எனக்குள் ஏதோ கழன்றுவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். "சார், அது உரிச்சா உடையுற மாதிரிதான் செய்யுறது சார், எனக்குத் தெரியும் சார், நான் அந்த லேபிள் அடிக்கிற கம்பெனியிலதான் வேலை செய்யுறேன்" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். வீட்டுக்காரர் பின்னாலிருந்து என் முழங்கையைக் கிள்ளினார்.

அதிகாரியின் சிரிப்பு நின்றது.

"நீயே அடிக்கிறியா? அப்ப ஒண்ணு அடிச்சு ஒட்டிட்டு வந்திருக்கலாமே. ஏன் ஒட்டலை?"

நேர்மை என்று சொல்லியிருந்தால் அழகாக இருந்திருக்கும்.

"டர் லக்தா ஹை, சார்" என்றேன். பயமாக இருக்கிறது.

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "நல்ல பயம்தான். மூணு வருஷ வண்டியில லேபிள் மட்டும் புதுசா மின்னினா, நான் இங்கேயே சாவியை வாங்கிக்குவேன். திருடன் சுரண்டிட்டு வெறுமனே வர மாட்டான் மகளே, ஒட்டிட்டுத்தான் வருவான். சந்தனம் வச்சிட்டு வர மாட்டான்."

பிறகுதான் உண்மையான சோதனை நடந்தது. டிரைவர் உட்காரும் சீட்டைத் தூக்கச் சொன்னார். அடியில் வண்டியின் இரும்பிலேயே அடித்திருக்கும் சேசிஸ் நம்பரை, லேபிளில் இருந்த அதே எண்ணை, துணியால் துடைத்து, மேலே ஒரு காகிதத்தை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். சாம்பல் நிறத்துக்கு நடுவே எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வந்தன. எங்கள் மெஷினில் வருகிற மாதிரியே. அவர் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, ஆர்.சி. புத்தகம் அவர் கையிலேயே இருந்தும், பழக்கதோஷத்தில் நான் "டீக்... டீக்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசி எண் வரைக்கும். அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். எண்ணைச் சுற்றி அரம் போட்ட தடம் இருக்கிறதா என்று விரலால் தடவினார். என்ஜின் நம்பரையும் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

"பாஸ். லேபிளுக்கு வண்டிக் கம்பெனியில ஒரு மனு எழுதிக் குடுங்க, மெதுவா வரும். மாதாஜி, இந்த இரும்பு நம்பர் மேல மட்டும் கரண்டி வைக்காதீங்க."

"அது துருப் புடிச்சிருக்குதே" என்றார் அத்தை தமிழில், என்னிடம். "வீட்டுக்குப் போயி லேசா எண்ணெ போட்டு..."

"அம்மா!" என்றார் வீட்டுக்காரர்.

மைதானத்தை விட்டு வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் அழுதேன். அவர் கண்ணாடியில் பார்த்தார், ஹாரனை ஒரு தடவை அடித்தார். காரணமில்லாமல், காலி ரோட்டில். நான் பின் சீட்டில் சாய்ந்தேன். கண் விழித்தபோது வண்டி நின்றிருந்தது. ஜங்புராவில் எங்கள் இடத்துக்குப் பக்கத்து வேப்பமரத்து நிழல். வெயில் சாய்ந்துவிட்டது. வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுப்பியிருக்கலாமே" என்றேன்.

"இவன் எழுப்பத்தான் வந்தான். ஒரு வாரமா தூங்காத பொண்ணு, கைய வச்சா ஒதைப்பேன்னேன்" என்றார் அத்தை.

நான் கதவைத் திறந்து இறங்கவில்லை. அப்படியே படுத்துக்கொண்டு வண்டியின் கூரையைப் பார்த்தேன். திங்கட்கிழமையிலிருந்து இதில் பிள்ளைகள் உட்காரும். பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவின் கொக்கி கொஞ்சம் லூஸாக இருக்கிறதே, ஒரு பிள்ளை சாய்ந்தால் என்ன ஆகும்? ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால்? சி.என்.ஜி. கேஸ் போடுகிற வரிசையில் நின்று ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டால்? பெரிய கவலை எழுந்து போன இடத்தில் சின்னச் சின்னக் கவலைகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. எல்லாம் எனக்குப் பழக்கமான அளவில், கைக்கு அடக்கமாக இருந்தன. அவற்றைப் பார்த்ததும் உடம்பு லேசானது.

"ஏங்க, ஜன்னலுக்குக் கம்பி போடணும்" என்றேன் உள்ளேயிருந்து.

"போடலாம், போடலாம். முதல்ல எறங்கி டீயக் குடி" என்றார் அவர்.